ஈரம் காட்டாத புல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை, சுவரோரம் நிழலுக்கு வாருங்கள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறுவதற்குள் உங்களுக்கு ஒரு கதை சொல்லிவிடுகிறேன். இதில் ராஜாவும் கிடையாது, பூதமும் கிடையாது. எதிரே தெரிகிற நோர்மத்தின் சாய்கானா என்கிற தேநீர்க்கடை முற்றத்தில், ஒரு கோடையில் ஒரு தகப்பன் நெஞ்சில் கல்லைச் சுமந்த கதை.

எங்கள் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ரிஷ்தான் போகிற சாலைக்கு இந்தப் பக்கம் முழுக்கக் களிமண். தண்ணீர் குடித்தால் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி மேலெழும். காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வீடு கட்ட, அடுப்பு போட, சட்டி வனைய நல்ல மண். அதன் மேல் ஒன்றை விரித்து, அது அசையாமல் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் அது சொன்னபடி கேட்காது.

ஹோஷிமின் தொழிலே அந்த ஆசைதான். தாஷ்கந்தில் பந்து விளையாடும் திடல்களுக்குச் செயற்கைப் புல் விரிக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன். அப்போது எங்கள் பள்ளத்தாக்கில் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், ரொட்டிக்கடை வாசல் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் புல் மேல் மோகம் பிடித்திருந்தது. தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பனியிலும் பச்சை. ஹோஷிம் அதிகம் பேசமாட்டான். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, அதன் குமிழியை அது நடுவில் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பான். பிள்ளையைத் தூங்கவைக்கிற முகம் அப்போது அவனுக்கு.

அவன் மகள் முனீஸாவை நோர்மத்தின் மகன் ஸர்வருக்குக் கேட்டார்கள். நோர்மத் முன்பு பஸ் ஓட்டியவர். சாய்கானா வைத்த பிறகும், பின்னால் நிற்கிறவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற அந்தக் குரல் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாணத் தேதி வைத்த கையோடு முற்றம் பச்சையாக வேண்டும் என்றார். புது சம்பந்தியே புல்காரனாக வாய்த்தால் வேறு யாரைக் கூப்பிடுவார்?

ஹோஷிம் முழங்கால் ஆழம் தோண்ட வேண்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன்.

"முழங்கால் ஆழமா? எதுக்கு சம்பந்தி, புதையல் எடுக்கவா?" என்றார் நோர்மத். "விரிக்கப்போறது கம்பளம். கம்பளத்துக்கு எவனாவது கிணறு வெட்டுவானா?"

"களிமண்ணுங்க. அடியில நிறைய ஜல்லி இருந்தாத்தான் நிக்கும்."

"அந்த முசுக்கொட்டை மரம் எங்கப்பா வெச்சது. வேர்ல கடப்பாரை பட்டா நான் மனுசனா இருக்கமாட்டேன். கல்யாணம் வாசல்ல நிக்குது. ஒரு சாண் தோண்டுங்க, போதும்."

ஹோஷிம் ஒரு சாண்தான் தோண்டினான். சம்பந்தியிடம் எவ்வளவு மல்லுக்கட்ட முடியும்? இலை உதிர்கிற காலம் வரை எங்கள் பக்கம் மழை கிடையாது, அதற்குள் சாவகாசமாக வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டான். மெல்லிசாக ஜல்லி பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, புல்லை விரித்து ஒட்டி, மணல் தூவி வாரிவிட்டான். கல்யாணத்தன்று அந்தப் பச்சையின் மேல் நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி விட்டு நடந்தோம்.

முனீஸா அந்த வீட்டுக்குப் போனாள். சாய்கானாவுக்குப் பின்புறமே வீடு, இரண்டுக்கும் ஒரே முற்றம், அதன் ஓரத்தில் ஒரு வாய்க்கால். எங்கள் வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் விருந்து வைத்துச் சம்பந்தியை அழைக்கும் வரை பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஹோஷிமும் அவன் மனைவி மாம்லகத்தும் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. மாம்லகத் தாம்பாளங்களுக்குத் துணி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நெருங்கி வருகையில்தான் செங்கல் சூளை வஹித் தேநீரில் குளித்தார்.

வஹித் பெரிய மனிதர். சூளைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் வாசல் முழுக்கப் புல் விரிக்கும் வேலை ஹோஷிமுக்கு என்று வாயால் சொல்லியும் வைத்திருந்தார். அன்று முற்றத்தில் தேநீர் குடிக்கப் போட்டிருந்த கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கறி அடைத்த சம்சாவைப் பிட்டார். கட்டிலின் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கியது. தேநீர்க் கெண்டி உருண்டு கொதிக்கக் கொதிக்க அவர் மடியில் கொட்டியது. நோர்மத் ஓடி வந்து பார்த்தால், முற்றத்தின் நடுவே புல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. ஒட்டிய இடமெல்லாம் வாயைப் பிளந்திருக்கிறது. சுவரோரமோ தரை உள்வாங்கிக் கிடக்கிறது.

சாய்கானாவில் தேநீர் போடுகிற தொஹிர் மொபெட்டில் ஹோஷிம் வீட்டுக்குப் போனான். அவனுக்கு வாயில் வடிகட்டி கிடையாது.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க தொப்பி போட்டுட்டு வரணும்னு இருந்துச்சு. இப்ப மொதலாளி மண்வெட்டியோட உடனே வரச் சொல்றாரு."

"என்னாச்சு?"

"உங்க புல்லு கர்ப்பமாயிருச்சு."

மாம்லகத் தையலை மடியில் போட்டாள். தொஹிர் போனதும் அவள் பேசியதைப் பிற்பாடு என்னிடம் அப்படியே சொன்னாள்.

"பொண்ணு வீட்டு வாசலை மொத மொதல்ல மிதிக்கறது கூலிக்காரனாவா? விருந்து முடியட்டும்னு சொல்லிப் பாருங்களேன்."

"விருந்தே அந்த முற்றத்துலதான்."

"தப்பு யாரோடதா இருந்தாலும், தலை குனியப்போறது அங்க இருக்கறவதான். அத மட்டும் மனசுல வெச்சுட்டுப் பேசுங்க."

"நான் எங்க பேசறேன்?" என்று ஹோஷிம் மண்வெட்டியை வண்டியில் போட்டான்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினான். வழக்கமாக வருகிற கிழவர்கள் தேநீர்க் கோப்பையோடு வேடிக்கைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். வஹித்தும் வந்திருந்தார். பின் தாழ்வாரத்தில் நோர்மத்தின் மனைவி ரோஹத் கேரட் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கிறவள் இல்லை, ஆனால் அவள் பார்வைக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட இடம் மாறாது. முனீஸா சமையலறை வாசலுக்கு வந்தாள். தலையில் பூப்போட்ட முக்காடு. நெஞ்சில் கைவைத்து, புதுப்பெண் எல்லோருக்கும் செய்வது போலத் தகப்பனுக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். ஹோஷிமும் யார் வீட்டுப் பெண்ணுக்கோ சொல்வது போல, "நல்லா இரும்மா" என்றான்.

ஓரத்து ஆணிகளைப் பிடுங்கிப் புல்லைச் சுருட்டினார்கள். சுருட்டச் சுருட்ட ஒரு வாடை எழுந்தது. மூடிவைத்த பானையைப் பல நாள் கழித்துத் திறந்தால் வருமே, அது. அடியில் தண்ணீர் பளபளத்தது. ஜல்லி களிமண்ணுக்குள் புதைந்து, திராட்சை போட்டுப் பிசைந்த மாவு போல இருந்தது. ஒருவன் கால் வைத்தான், செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"மழையே இல்லாத ஊர்ல இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார் நோர்மத். "வாய்க்கால் கசியுதா?"

ஹோஷிம் வாய்க்கால் பக்கம் போய் மண்வெட்டியால் கொத்தினான். மண் எலும்பு போலக் காய்ந்திருந்தது. முசுக்கொட்டை மரத்தடியிலும் அப்படித்தான். திரும்பி வந்து நடு முற்றத்தில் குந்தினான். ஈரம் விசிறி விசிறியாகப் பரவியிருந்தது. ஒரு விசிறி முடிகிற இடத்தில் அடுத்தது. எல்லா விசிறிகளின் காம்புகளும் சமையலறை வாசலைப் பார்த்திருந்தன.

வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையால் அள்ளி வீசினால் தண்ணீர் எப்படி விழும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? தினம் விடியலில் அவன் வீட்டு முற்றத்திலும் அப்படித்தான் விழுந்தது. வீசிய கை முனீஸாவின் கை. விருந்தாளி வருமுன் தெளித்துப் பெருக்காத முற்றம் இருந்தால், பெண்ணைப் பெற்றவளைத்தான் திட்டுவார்கள் என்று மாம்லகத் சொல்லிச் சொல்லி வளர்த்த கை.

ஹோஷிம் தலை நிமிரவில்லை. புல் விரித்த அன்று, தண்ணீர் கூடவே கூடாது, விளக்குமாறு மட்டும் போதும் என்று நோர்மத்திடம் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. தொஹிரிடமும் சொல்லியிருந்தான். பின்கட்டில் கேரட் அரிகிற பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. முனீஸா அப்போது அந்த வீட்டுக்கே வந்திருக்கவில்லை.

"என்ன சம்பந்தி, மண்ணோட ரகசியம் பேசறீங்களா?" என்றார் நோர்மத். "எவனோ ஊத்தியிருக்கான். தொஹிர், நீதான் கெண்டி கழுவறத இங்க கொட்டறியா?"

"சத்தியமா இல்ல மொதலாளி. நான் வாய்க்கால்லதான் கொட்டுவேன். வாய்க்கால் மீனுங்ககூட டீ கேட்டுப் பழகிருச்சு."

"அப்ப யாரு? யாருன்னு மட்டும் தெரியட்டும். ஊர் பெரியவரு மடியில கொதிதண்ணி. ஞாயித்துக்கிழமை விருந்து. யாரோட வேலைன்னு தெரிஞ்சா இந்த வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்கறேன். சொல்லுங்க சம்பந்தி, உங்களுக்குத் தெரியும். உங்க மொகத்துலயே தெரியுது."

தாழ்வாரத்தில் கத்திச் சத்தம் நின்றது.

ஹோஷிம் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "என் தப்பு" என்றான். "ஜல்லி பத்தல. தண்ணி ஓட வாட்டமும் சரியாக் குடுக்கல. களிமண் அடியிலருந்து ஈரத்த இழுத்திருக்கு. முழுக்கப் பேத்து எடுத்துத் திரும்பப் போட்டுத் தரேன். விருந்துக்கு முன்னாடி முடிஞ்சிரும்."

வஹித் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப நம்ம மண்டப வேலை?"

"நீங்க எப்பச் சொன்னாலும் வரேன்."

"பாப்போம், தம்பி. அங்கயும் இதே களிமண்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று சூளையில் வேலை கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும்.

பத்து மணி வெயிலுக்கு முனீஸா கெண்டியும் ரொட்டியும் கொண்டுவந்தாள். ஆட்கள் வாய்க்காலில் கை கழுவப் போயிருந்தார்கள். நான் ரொட்டித் துணியை மடித்தபடி மரத்தடியில் இருந்தேன், அதனால் கேட்டது.

"தெளிக்கறியா?" என்றான் ஹோஷிம், கோப்பையைப் பார்த்தபடி.

"தினமும்ப்பா. விடியறதுக்குள்ள." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். பாராட்டப் போகிறான் என்று நினைத்தாள் போல. "நம்ம வீட்டவிட இங்க ரொம்ப ஊத்தணும். மண்ணுன்னா கறுத்துரும், வாசனை வரும், போதும்னு தெரியும். இந்தப் புல்லு எதையும் சொல்லமாட்டேங்குது. வாளி வாளியா ஊத்துவேன். இப்பக் கொஞ்ச நாளாத்தான் மண்வாசனை வருது. அப்பாடான்னு..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் பார்வை குழிக்குள் போய், ஒரு விசிறியிலிருந்து அடுத்த விசிறிக்கு நகர்ந்து, சமையலறை வாசலில் போய் முட்டியது.

"அப்பா."

"கெண்டியக் கீழ வை. டீ சிந்துது."

"நான் மாமாகிட்டச் சொல்லிடறேன்."

"சொல்லாத. இந்த வீட்ல உன் பேச்சு ஒரு மூலை புடிச்சு உக்காரட்டும் மொதல்ல. இப்பச் சொன்னா, சாகற வரைக்கும் முற்றத்தக் கெடுத்தவளுன்னு சொல்லுவாங்க."

"உங்களச் சொல்றாங்களே."

"எனக்கு வேற ஊரு இருக்கு, வேற முற்றம் இருக்கு. உனக்கு இதுதான்." அவன் ரொட்டியைப் பிட்டு அவள் கையில் வைத்தான். "தெளிக்கறத நிறுத்திராத. நான் வந்த அன்னைக்கே நிறுத்தினா குருடனுக்கும் வெளங்கிரும்."

"திரும்பக் கெட்டுப் போகுமே."

"போகாத மாதிரி போடறேன். நீ ஊத்து."

ஆட்கள் திரும்பி வந்து தேநீரைக் குடித்து முடித்தார்கள். அவள் காலிக் கெண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நிரம்பிய கெண்டியை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

அதன்பின் நடந்தது வேலை. அந்த வெயிலில் ஈரக் களிமண்ணை அள்ளுவது எப்படி என்று கேளுங்கள். மண்வெட்டியில் ஏறிய மண் இறங்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதைக் கையால் வழிக்க வேண்டும். கைவண்டிச் சக்கரம் மண்ணைச் சுற்றிக்கொண்டு இரண்டு மடங்கு பருமனாகிவிடும். முழங்கால் ஆழம் தோண்டினார்கள். வேர் வந்த இடத்தில் ஹோஷிம் கடப்பாரையை விட்டுவிட்டுக் குனிந்து விரலால் மண்ணைப் பிரித்தெடுத்தான். குழியின் அடி முழுக்க வாய்க்கால் பக்கம் சரிய வாட்டம் எடுத்தான். களிமண்ணும் ஜல்லியும் கலக்காமலிருக்கக் கெட்டித் துணி விரித்தான். நடுவே துளை போட்ட குழாய் பதித்து, அதன் வாயை வாய்க்காலுக்குத் திறந்துவிட்டான். பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பொடி. அடுக்கடுக்காகத் திமிசு. நாங்கள் அந்தச் சத்தத்திலேயே சாப்பிட்டோம், அந்தச் சத்தத்திலேயே பேசினோம்.

கிழவர்களுக்குப் பொழுது நன்றாகப் போனது.

"ஹோஷிம், இன்னும் கொஞ்சம் தோண்டினா எங்க செத்துப்போன மாமன் தெரிவான். சலாம் சொல்லிடு."

"குழாய் எல்லாம் எதுக்குய்யா? புல்லு ஒண்ணுக்குப் போகுமா?"

ஹோஷிம் சிரித்துவைத்தான். ரோஹத் ஒரு தடவை தாழ்வார விளிம்பு வரை வந்தாள்.

"அண்ணா, இவ்வளவு ஆழமா? இங்க என்ன ஆறா ஓடப்போகுது?"

"ஓடினாலும் ஓடட்டுமேன்னுதான்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முனீஸாவைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஜல்லி போட்ட மறுநாள் விடியலில் நான் அடுப்பில் விறகு வைக்கும்போது முனீஸா வாளியோடு முற்றத்து ஓரத்தில் நிற்பது தெரிந்தது. குழியைச் சுற்றியிருந்த மண் பாதையில் மட்டும் விரல் நுனியால் தெளித்தாள்.

"என்னடி, காசு குடுத்து வாங்கின தண்ணி மாதிரி சொட்டு சொட்டா விடறே?" என்று உள்ளேயிருந்து ரோஹத் குரல் வந்தது. "அப்பா வேலை செய்யற எடத்துல கை கூசுதா?"

"இல்லத்தை."

"அப்ப நல்லாத் தெளி. ஆளுங்க வர நேரம்."

முனீஸா வாளியை நிமிர்த்தி வீசினாள். ஜல்லி அதை ஒரு மூச்சில் உறிஞ்சிக்கொண்டது. அவள் அந்த இடத்திலேயே குந்தி, தண்ணீர் அடியில் இறங்கி ஓடுகிறதா என்று காதைத் தரையில் வைத்தாள். எழுந்து அடுத்த வாளியை இன்னும் வேகமாக வீசினாள். முக்காட்டால் முகத்தைத் துடைத்தது வேர்வைக்காகவா என்று எனக்குத் தெரியாது, அந்த வேளையில் வேர்க்காது.

விருந்துக்கு முந்தின மதியம் புல் விரித்து முடிந்தது. நோர்மத் மோட்டாரைப் போட்டு ரப்பர் குழாயை எடுத்துவந்தார்.

"இந்தத் தடவ நானே ஊத்திப் பாக்கறேன். நாளைக்கு இன்னொருத்தர் மடி வேகக் கூடாது."

ஊற்றினார். புல் பச்சை மாறாமல் கிடந்தது. ஒரு பாத்தி, அடுத்த பாத்தி என்று நகர்ந்தார். ஹோஷிம் புல்லைப் பார்க்காமல் வாய்க்காலின் பக்கம் நின்று, அடியில் பதித்த குழாயின் வாயையே பார்த்திருந்தான். முனீஸா சமையலறைக் கதவைப் பிடித்திருந்தாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த அடிக்குழாய் இருமியது. பொடி கலந்த சாம்பல் தண்ணீர் வந்தது, அப்புறம் தெளிந்து ஒரே சீராக வாய்க்காலில் விழுந்தது. நோர்மத் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, தானே ஏறி நின்று குதித்தார். அது அசையவில்லை.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஹோஷிம் தொப்பியும் கோடுபோட்ட அங்கியுமாக, மாம்லகத் தாம்பாளங்களோடு, உறவுக்காரர்கள் பின்தொடர வந்தான். கொப்பரையில் பலாவ் தம்மில் இருந்தது. ஆண்கள் முற்றத்தில், பெண்கள் தாழ்வாரத்தில். ஸர்வர் கையலம்பத் தண்ணீர் ஊற்றினான், முனீஸா கெண்டிகளோடு போய் வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நோர்மத்துக்கு உற்சாகம் வரும் வரை.

"எங்க சம்பந்தி மாதிரி ஒரு வேலைக்காரர நீங்க பாத்திருக்கமாட்டீங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரே வேலைய ரெண்டு தடவ செய்வாரு. மொத தடவ பழகறதுக்கு, ரெண்டாவது தடவ நமக்கு."

சிரித்தார்கள். ஹோஷிமும் சிரித்தான்.

வஹித் சோற்றை விரலால் குவித்தபடி சொன்னார்: "அதுக்குத்தான் நான் கோகந்துல ஆள் பேசிட்டேன். தப்பா எடுத்துக்காத, தம்பி. எனக்குப் பழகறதுக்கு நேரம் கிடையாது."

இந்தத் தடவை சிரிப்பு அங்கங்கே நின்று போயிற்று. ஹோஷிமின் உறவுக்காரர்கள் தட்டைப் பார்த்தார்கள். ஹோஷிம், "அதுக்கென்ன, நல்லதுதான்" என்றான். அவன் கழுத்து சிவந்திருந்தது. மாம்லகத் தாழ்வாரத்தில் கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தாள்.

முனீஸா கெண்டியை விரிப்பின் ஓரத்தில் வைத்தாள்.

"மாமா, தண்ணி ஊத்தினது நான்."

புதுப்பெண்ணின் குரலை அந்தச் சபையில் பலர் அன்றுதான் கேட்டார்கள். சின்னக் குரல். ஆனால் எல்லா வாயும் மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டதால் கொப்பரை அருகே நின்ற எனக்கும் கேட்டது.

"எந்தத் தண்ணி?" என்றார் நோர்மத்.

"முற்றத்துக்கு. தினம் விடியக்கால. ஈரமாச்சான்னு புல்லு காட்டல, அதனால நெறைய ஊத்தினேன். அப்பாவுக்குத் தெரியும். எனக்காகத்தான் தன் தப்புன்னு சொன்னாரு."

"முனீஸா, உள்ள போ" என்றான் ஹோஷிம்.

அவள் போகவில்லை. ஸர்வர் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றான். நோர்மத்தின் முகத்தில் கோபம் ஏறுவதை எல்லோரும் பார்த்தோம். பஸ்ஸில் சீட்டு வாங்காதவனைப் பார்க்கிற முகம் அது.

தாழ்வாரத்திலிருந்து ரோஹத் இறங்கி வந்தாள். கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஊத்தச் சொன்னது நான்" என்றாள் கணவனிடம். "ஊத்துறப்ப ஜன்னல்லருந்து பாத்து, நல்ல வளர்ப்புன்னு நெனச்சவளும் நான். இதுக்குத் தண்ணி ஆகாதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?"

நோர்மத் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"கேக்கறேன். யாருகிட்டச் சொன்னீங்க?"

"எங்கிட்டச் சொன்னாருக்கா" என்றான் தொஹிர், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவார் பின்னாலிருந்து. "நான் ஊத்தல. நான் கூட்டவும் இல்ல."

யாரோ ஒரு கிழவர் புரையேறி இருமினார். அது சிரிப்புதான்.

ஹோஷிம் எழுந்து நின்றான். "இந்தப் பொண்ணு சொன்னது பாதிதான். நான் சொன்னதும் முழுப் பொய் இல்ல. ஜல்லி கம்மியாப் போட்டது நான். இவ ஊத்தலைன்னா மொத மழை ஊத்தியிருக்கும். பெண்டுகள்ட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவும் இல்ல. அதுவும் என் தப்புதான்." அங்கியின் முடிச்சைச் சரிசெய்தபடி உட்கார்ந்தான். முழங்கால் ஆழம் தோண்டக் கேட்டதையும், கிடைத்த பதிலையும் அவன் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவனுக்காக அடக்கிக்கொண்டேன்.

நோர்மத் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு வஹித் பக்கம் திரும்பினார்.

"கோகந்துக்காரன வரவேணாம்னு சொல்லிரு."

"ஏன்?"

"இவர வெச்சுச் செய். ஆனா ஒண்ணு கேட்டுக்க." அவர் குரலில் பஸ் இல்லை. "ஆழமாத் தோண்டணும்னு சொன்னாருன்னா தோண்ட விட்ரு. மரம், வேரு, கல்யாணம்னு பக்கத்துல நின்னு அவசரப்படுத்தாத. சிலபேரு அப்படிச் செய்வாங்க."

வஹித் ஒன்றும் புரியாமல் அவரையும் ஹோஷிமையும் மாறி மாறிப் பார்த்தார். ஹோஷிம் தலையைக் குனிந்து சோற்றில் கை வைத்தான். அன்று அவன் சாப்பிட்ட முதல் கவளம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"டீ ஆறுது, மருமவளே" என்றாள் ரோஹத். "பெரியவங்க பக்கம் கெண்டி காலி."

எல்லாம் அதோடு இனிப்பாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வந்த பெண்கள் போகிற வழியெல்லாம், புதுப்பெண் சபையில் வாய் திறந்ததையே பேசிக்கொண்டு போனார்கள். மாம்லகத் மகளைத் தழுவும்போது, "ஏண்டி சொன்னே?" என்று காதில் அழுதாள். வஹித் வேலையைக் கொடுத்தார், ஆனால் தினமும் குழிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆழம் பார்த்தார்.

விருந்துக்கு மறுநாள் விடியலில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முனீஸா வாளியோடு வெளியே வந்தாள். முற்றத்து விளிம்பில் நின்றாள். பழக்கத்தில் கை வாளிக்குள் போய்விட்டது, அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"அங்க விளக்குமாறு போதும்" என்றாள் ரோஹத். "தண்ணிய வாசலுக்குக் கொண்டுபோ. புழுதி பறக்குது. எதிர்வீட்டு ரொட்டிக்காரிக்கும் சேத்துத் தெளி, அவ மாவுல மண்ணு விழப்போகுது."

அவள் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். முதல் வீச்சு அவர்கள் வாசலில் விழுந்தது, இரண்டாவது சாலை நடுவில், அடுத்தது என் அடுப்பின் ஓரம் வரை வந்தது. மண் கறுத்தது. வாசனை எழுந்தது. அவள் கொஞ்ச நேரம் அதை மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றாள். போதும் என்று அவளுக்குத் தெரிந்தது, வாளியைக் கவிழ்த்தாள்.

சரி, ரொட்டி ஆறிவிட்டது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் விடியும் முன் ஈரம் விழட்டும், கண்ணுகளா. அதைத் தெளிக்கிற கை எதற்கும் நடுங்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் எந்த முற்றத்துக்குப் போனாலும் அவள் சொல்லுக்கு அங்கே ஓர் இடம் இருக்கட்டும். வருகிறவர்கள் உட்காரும் தரை உங்கள் வீட்டில் ஒருநாளும் இறங்காமல் இருக்கட்டும்.